பெயர் மட்டும் இலுப்பை

போன கார்த்திகையில் வடமேற்கு லண்டனில் ஒரு தமிழ்ச் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு மேசையில் கையால் செய்த சவர்க்காரக் கட்டிகளும் மெழுகுதிரிகளும் அடுக்கியிருந்தார்கள். பழுப்புக் கடதாசி, சணல் கயிறு, அதன்மேல் அழகான தமிழ் எழுத்தில் 'அம்மம்மாவின் இலுப்பைச் சவர்க்காரம்'. கட்டி ஒன்று ஆறு பவுண். அம்மாவுக்கென்று ஒன்று வாங்கிவந்தேன். அம்மா அதை மூக்கருகே கொண்டுபோனார். "இதில இலுப்பை எங்க, பிள்ளை?" என்று கேட்டுவிட்டு மேசையில் வைத்துவிட்டார்.

இலுப்பெண்ணெயின் மணத்தை அறிந்த மூக்கை ஏமாற்ற முடியாது. கனத்த, கொஞ்சம் கசந்த மணம் அது. இந்தக் கட்டியிலோ லவெண்டர் வாசம் மட்டும்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தேன். 'ஷோரியா ஸ்டெனோப்டெரா' என்றிருந்தது. அது போர்னியோக் காட்டு மரம். அங்கே அதற்குத் தெங்காவாங் என்று பெயர். எங்கள் இலுப்பையும் அதுவும் தாவரவியலில் ஒரே குடும்பம்கூட இல்லை.

குழப்பம் பெயரில் இருக்கிறது. இலுப்பை என்ற தமிழ்ச் சொல்லை ஐரோப்பியர் 'இலிப்பே' ஆக்கினார்கள். காலப்போக்கில் வியாபாரிகள் அந்தப் பெயரைப் போர்னியோவின் கெட்டிக் கொழுப்புக்குச் சூட்டிவிட்டார்கள். இன்று லண்டனில் 'இலிப்பே' என்று விற்கும் டப்பாவைத் திறந்தால் அநேகமாகத் தெங்காவாங்தான் இருக்கும்.

கட்டியில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேட்டேன். பதில் உடனே வந்தது: "அக்கா, பேர் எங்கட பேர்தானே? வெள்ளைக்காரன் எங்களிட்ட எடுத்தான், நாங்கள் திருப்பி எடுக்கிறம்."

மேடையில் சொன்னால் கைதட்டல் விழும் பதில். நானும் அப்படிக் கைதட்டு வாங்கியவள்தான். கட்டுமரம், மிளகுதண்ணி, வெட்டிவேர் என்று ஆங்கிலத்துக்குப் போன தமிழ்ச் சொற்களை அடுக்கியபோது இலுப்பையையும் அதில் சேர்த்திருக்கிறேன். ஆகவே இந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான்.

திருப்பி எடுத்தோம் என்கிறோமே, எதை எடுத்தோம்? மரத்தையா, எண்ணெயையா? எடுத்தது வியாபாரியின் லேபிளை. அவன் செய்த பிழையை அப்படியே வாங்கி, அதன்மேல் அம்மம்மாவின் பெயரையும் ஒட்டி விற்கிறோம்.

கொழுப்பிலிருந்து ஊரைக் கழற்றுவது லண்டனுக்குப் பழைய தொழில். 1830இல் வில்லியம் வில்சனும் பெஞ்சமின் லங்காஸ்டரும் தொடங்கிய மெழுகுதிரிக் கம்பனிக்கு 'பிரைஸ்' என்று பெயர். அதை நடத்தியவர்களில் பிரைஸ் என்று எவரும் இல்லை. அது இட்டுக்கொண்ட பெயர். இலங்கையில் தென்னந்தோட்டம் வாங்கி, தேங்காய் எண்ணெயின் கெட்டிப் பகுதியைப் பிரித்துத் திரி செய்தார்கள். பிறகு மேற்கு ஆபிரிக்காவின் பாம் எண்ணெய் வந்தது. பாட்டர்சியில் அவர்களின் பெரிய தொழிற்சாலை நின்ற யோர்க் வீதியில் இன்று மாடிக் குடியிருப்புகள். அந்தத் திரியை ஏற்றிய லண்டன்காரருக்குத் தேங்காய் பறித்தவனின் ஊர் தெரிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பேரரசு அப்படித்தான் நடந்தது. நாங்கள் ஏன் அப்படி நடக்க வேண்டும்?

தெங்காவாங் மரங்கள் ஆண்டுதோறும் நன்றாகக் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் காடு முழுக்கக் காய்த்துக் கொட்டும். அப்போது அங்குள்ள தயாக் மக்கள் கொட்டை பொறுக்கிக் காயவைத்து விற்கிறார்கள். அவர்களுடைய மரத்துக்கும் உழைப்புக்கும் 'யாழ்ப்பாணத்து அம்மம்மா' என்று பெயர் வைத்தால், எங்களுக்கு நடந்ததை நாங்கள் இன்னொரு சனத்துக்குச் செய்கிறோம் என்று பொருள்.

எனக்கு இலுப்பை வெறும் சொல் அல்ல. 1990இல் போர் திரும்பவும் தொடங்கியபின் வடக்கின்மேல் பொருளாதாரத் தடை இறுகியது. மின்சாரம் போனது. மெழுகுதிரி கிடையாது. சவர்க்காரம் கிடைத்தால் பொன்விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்துப் படித்த தலைமுறை நாங்கள். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். எங்கள் வீட்டில் அம்மம்மா சேர்த்துவைத்திருந்த இலுப்பெண்ணெய்தான் சாமி விளக்குக்கு. எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் பிண்ணாக்கான அரப்பை அவித்துத்தான் தலைமுழுக்கு. அதிலுள்ள சப்போனின் நுரைக்கும், அழுக்கை எடுக்கும், கண்ணில் பட்டால் உயிர் போகும். இதே பிண்ணாக்கை ஒருகாலத்தில் இங்கிலாந்தின் கோல்ஃப் மைதானங்களில் மண்புழுவை வெளியேற்றத் தூவினார்கள் என்று பின்னர் வாசித்தபோது, கண்ணெரிவு நினைவுக்கு வந்து சிரித்தேன்.

அந்த நாட்களில் மாற்றுப் பொருளில்தான் வாழ்ந்தோம். ஆனால் பனம்பழத்தை யாரும் சன்லைட் என்று சொல்லவில்லை. 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை' என்ற பழமொழியைப் பாருங்கள். மாற்றை மாற்று என்று ஒப்புக்கொள்கிறது அது. ஆலை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பூவைக் கையில் தருகிறது. எங்கள் சந்தை மேசைக்கு அந்த நேர்மை கூட இல்லை.

'அப்படியென்றால் ஊரிலிருந்து எண்ணெய் கொண்டுவா' என்பார்கள். முடிந்தால் கொண்டுவாருங்கள். ஊரில் திரவமாக இருப்பது இந்தக் குளிரில் வெண்ணெய்போல் உறைந்துவிடும்; சவர்க்காரத்துக்கு நல்ல கொழுப்பு. முடியாவிட்டால் தெங்காவாங்கில் செய்யுங்கள், ஷியாவில் செய்யுங்கள். அவையும் நல்ல கொழுப்புகள்தான். பெயரை மட்டும் சரியாக எழுதுங்கள். இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுச் சாக்லேட் விதிகள்கூட, கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகச் சேர்க்கக்கூடிய கொழுப்புகளில் 'இலிப்பே' என்று எழுதும்போது பக்கத்திலேயே போர்னியோ, தெங்காவாங், ஷோரியா என்று விளங்கச் சொல்கின்றன. சாக்லேட் சட்டத்துக்கு இருக்கிற வெட்கம் எங்களுக்கு இருக்க வேண்டாமா?

மன்னார்–பூநகரி வீதியில் இலுப்பைக்கடவை என்றொரு ஊர் இருக்கிறது. மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு இருக்கிறது. அங்கே கோயிலின் தலமரமே இலுப்பைதான். சொல்லின்மேல் உண்மையாகவே உரிமை கொண்டாட விரும்புகிறவர்கள் அந்த மரத்துக்கு ஏதாவது செய்யட்டும். ஊருக்குப் போகும்போது ஒரு கன்று நடட்டும். செக்கில் ஆட்டுகிறவரிடம் ஒரு போத்தல் எண்ணெய் நியாய விலைக்கு வாங்கட்டும். இங்கே கோயிலில் பரஃபின் தட்டுத்திரிகளை வரிசையாக ஏற்றிவிட்டு, கீழே மண்டபத்தில் இலுப்பையின் பெருமை பேசுவதை முதலில் நிறுத்தட்டும்.

அந்தக் கட்டி இன்னும் எங்கள் குளியலறையில் இருக்கிறது. நல்ல சவர்க்காரம்தான், குறை சொல்ல மாட்டேன். கடதாசியில் 'அம்மம்மாவின் இலுப்பை' என்பதை நீலப் பேனையால் வெட்டிவிட்டு 'தெங்காவாங், போர்னியோ' என்று எழுதிவைத்தேன். அம்மா இப்போது அதைப் பாவிக்கிறார்.