மூன்று செடிச் சட்டம்

ஜெர்மனி தேசத்தில் 2024-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்த கஞ்சாச் சட்டத்தின்படி, வயது வந்த ஒருவர் சொந்த உபயோகத்திற்காகத் தம் வீட்டில் ஏககாலத்தில் மூன்று செடிகள் வரை வளர்க்கலாம். உலர்ந்த சரக்கோ வீட்டில் 50 கிராமுக்கு மேல் இருக்கலாகாது. 60 கிராமைத் தாண்டினால் அபராதத்தோடு நில்லாமல் கிரிமினல் குற்றமாகிவிடும். மிகுந்ததைப் பிறருக்கு இனாமாகக் கொடுப்பதற்கும் அனுமதியில்லை. இவ்விரு கணக்குகளும் ஒன்றோடொன்று பொருந்துமா என்பதே நமது கேள்வி.

சட்டம் செடியின் தலையை எண்ணியதேயன்றி அதன் சுபாவத்தைப் பார்க்கவில்லை. சாதாரணக் கஞ்சாச் செடி இரவு நீளும் வரையில் பூப்பதில்லை. ஆகவே வளர்ப்பவன் அவசரமின்றி நுனி கிள்ளிக் கிளை பெருக்கலாம், பெரிய தொட்டிக்கு மாற்றலாம். வேர் அதிர்ந்தாலும் தேறிக்கொள்ள அவகாசமுண்டு. இங்ஙனம் கவாத்துச் செய்து பேணிய ஒற்றைச் செடியே 50 கிராமைப் பன்மடங்கு மீறக்கூடும். மூன்று செடிக்கு அனுமதி தந்துவிட்டு ஒரு செடியின் மகசூலையே குற்றமாக்குவது என்ன நியாயம்?

தானே பூக்கும் ஜாதியின் சங்கதி வேறு. 1924-ல் யானிஷெவ்ஸ்கி என்னும் ருஷியத் தாவர சாஸ்திரி ‘ருடெராலிஸ்’ என்று பெயரிட்ட, குறுகிய கோடைக்குப் பழகிய காட்டுச் செடியின் வம்சம் அதில் கலந்திருக்கிறது. பகலிரவு அளவைப் பாராமல், முளைத்த மூன்று முதல் ஐந்து வாரங்களில் அது பூக்கத் தொடங்கிவிடும். தொட்டி மாற்றியதால் ஒரு வாரம் வாடினால் அந்த வாரம் திரும்பி வாராது. நுனி கிள்ளினாலும் அப்படியே. விதையை நேரே கடைசித் தொட்டியிலேயே ஊன்றி, கிள்ளாமல் தண்டை மெல்ல வளைத்துக் கட்டுவதே உசிதமென்று அனுபவஸ்தர் சொல்வது இதனால்தான். மகசூல் குறைவு, வாஸ்தவம். ஆனால் பத்துப் பன்னிரண்டு வாரங்களில் அறுவடையாகிவிடுவதால் வருஷத்தில் மூன்று நான்கு போகம் எடுக்கலாம்! ‘ஏககாலத்தில் மூன்று’ என்ற ஷரத்துக்கு இதனால் யாதொரு பங்கமுமில்லை.

கத்தரிக்கோலைப் பிடிக்கத் தெரிந்தவன் போலீஸாருக்கு அஞ்சவேண்டும், தெரியாதவன் நிம்மதியாயிருக்கலாம் என்பது விநோதமான தர்மம். 2025-ல் பதவிக்கு வந்த கூட்டு மந்திரிசபை இச்சட்டத்தைப் பரிசீலிப்பதாகத் தன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டது. அடியோடு ரத்துச் செய்யவேண்டுமென்று கூறுவோரும் அதில் உண்டு. ரத்து வேண்டியதில்லை என்பது நமது அபிப்பிராயம். செடி எண்ணிக்கை இருக்கட்டும். அறுவடை செய்தவன் உலர்த்தி நிறுத்து, மிகுந்ததை அழித்துவிடுவதற்கு ஒரு தவணையை மட்டும் சட்டத்தில் சேர்க்கவேண்டும்.