வேடந்தாங்கல் பட்சிகளும் ஆயக்கட்டு வயல்களும்

செங்கற்பட்டு ஜில்லா, மதுராந்தகம் தாலூகாவைச் சேர்ந்த வேடந்தாங்கல் ஏரியில், ஐப்பசி கார்த்திகை முதல் பங்குனி வரையில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் வந்து தங்குவதும், கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதும் யாவரும் அறிந்த விஷயமே. அவற்றைக் காணும்பொருட்டுச் சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் தூரதிருஷ்டிக் கண்ணாடியும் படப்பெட்டியும் ஏந்தி வருவோர் அநேகர். இது மகிழத்தக்கதே. ஆயினும் வருகின்றவர்களில் பெரும்பாலோர் கரைமீது நின்று, நீரிலுள்ள மரங்களை மாத்திரம் நோக்கிவிட்டுத் திரும்புகின்றனர். கரைக்கு மறுபுறம் கிடக்கும் நெல்வயல்களை அவர்கள் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. சரணாலயத்தின் உயிர்நிலை அவ்வயல்களில்தான் உள்ளது என்பதே நமது அபிப்பிராயம்.

ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 75 ஏக்கர். இத்தனை பட்சிகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் இச்சிறு நீர்நிலை எங்ஙனம் இரை அளிக்கும்? நீர்க்கடம்பும் கருவேலமும் அவற்றிற்குப் படுக்கையறை. அடுக்களை வேறிடத்தில் இருக்கின்றது. விடியற்காலையில் சற்றுப் பொறுமையுடன் நின்று பார்ப்பவர்க்கு இது விளங்கும். கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் கூட்டங்கூட்டமாய் வயல்களையும் அண்டை ஏரிகளையும் நாடிச் செல்லும். வெயில் ஏறிய பின்னர் நாரைகள் சிறகடிக்காமலே வட்டமிட்டு உயர்ந்து நெடுந்தூரம் போகும். மாலையில் இவை திரும்பும் வேளையில் வக்கா என்னும் இராக்கொக்கு தன் வேட்டைக்குப் புறப்படும். நத்தைகுத்தி நாரையின் அலகைக் கவனித்தல் வேண்டும். மூடிய நிலையிலும் அதன் நடுவே ஓர் இடைவெளி தோன்றும். நத்தையை ஓட்டினின்று பிரித்தெடுக்க அவ்வலகு மிகவும் ஏற்றது. அந்நத்தை வளர்வதோ நன்செய்ச் சேற்றிலும் ஏரியோரத்திலும். 1998-ஆம் ஆண்டில், ஏரி மட்டுமன்றி அதனைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள நிலப்பரப்பும் சரணாலய எல்லைக்குள் அடங்கியது இக்காரணம் பற்றியே பொருத்தமாகும். 2020-இல் அவ்வெல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு யோசனை எழுந்து, பலத்த ஆட்சேபங்களின் பின்னர்க் கைவிடப்பட்டது. கைவிட்டது நன்றே. ஆனால் எல்லைக்கோடு காகிதத்தில் நிற்பதனால் மாத்திரம் நத்தை உயிர்வாழாது.

இவ்வூரார் பட்சிகளைக் காத்தது சட்டத்திற்கு அஞ்சியன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பாரிடம் முறையிட்டுக் கவுல் பெற்றவர்கள் இவர்களே. 1858-இலும் அவ்வுரிமையைப் புதுப்பித்துக்கொண்டனர். வேடர் பெயரைத் தாங்கிய ஊரிலே வேட்டை நின்றது வேடிக்கையே. ‘தாங்கல்’ என்பது சிற்றேரிக்கு இப்பக்கத்தார் வழங்கும் பெயர். அவர்கள் முறையிட்டதற்குக் காரணம் பச்சாத்தாபம் மட்டுமன்று, பயிருமாகும். மரங்களிலிருந்து விழும் எச்சம் நீரில் கரைந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடியதாய் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. பட்சி எரு விட்டது; குடியானவன் காவல் தந்தான். ஒருவர்க்கொருவர் செய்துகொண்ட உடன்படிக்கை இது.

அவ்வுடன்படிக்கை இக்காலத்தில் தளர்ந்து வருமோ என்பதே நமது கவலை. யூரியா மூட்டை கடையில் கிடைக்கும்போது, எச்சம் கலந்த நீரின் அருமையை இளைஞர் உணர்வது அரிது. வரப்பு நண்டுக்கும் தண்டுதுளைப்பானுக்கும் இடும் குருணை மருந்து நண்டோடும் புழுவோடும் நில்லாது, நத்தை, தவளை, சிறுமீன் ஆகியவற்றிலும் சேர்கிறது. அவற்றைத் தாய்ப்பறவை விழுங்கி, கூட்டிற்குக் கொண்டுபோய்க் குஞ்சின் முன்னே கக்குகிறது. எண்டோசல்பான் 2011-இல் உச்ச நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டது உண்மையே. எனினும் நஞ்சு அது ஒன்றே அல்லவே. வேடந்தாங்கல், கரிக்கிலி ஆகிய இரு ஏரிகளைச் சூழ்ந்த நிலங்களிலேனும், பூச்சியின் அளவைக் கண்டறிந்து இன்றியமையாத இடத்து மட்டும் மருந்திடுதல் வேண்டும். விளக்குப்பொறியும் வேப்பங்கொட்டைக் கரைசலும் நம்மவர்க்குப் புதியன அல்ல.

“நாற்றங்காலில் இறங்கி மிதித்துவிடுகின்றனவே” என்று சில விவசாயிகள் குறை கூறுவர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்தொல்லை சில நாட்களுக்குரியது. நாற்றங்காலின் மீது கயிறு கட்டி ஓலை தொங்கவிடின் பெரும்பாலும் அடங்கும். வெட்டுக்கிளியையும் புழுவையும் கொக்கு பொறுக்கித் தின்னும் உதவியோ ஆண்டு முழுவதும் கிடைப்பது.

சர்க்காருக்கும் ஒரு கடமையுண்டு. வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பட்சிகள் குறைவாகவே தங்கும். அந்த ஆண்டில் நெல்லும் சுருங்கும். ஆகவே மேலேரிகளிலிருந்து வரும் வரத்துக்கால்களைத் தூர்வாரி, ஆக்கிரமிப்பின்றிக் காத்தல் பட்சிக்கும் பயிர்க்கும் ஒருங்கே செய்யும் பணியாகும். பார்வையாளரிடம் பெறும் கட்டணத்தில் ஒரு பங்கு இவ்வேலைக்கெனத் தனியே ஒதுக்கப்படுமாயின், ஆயக்கட்டுதாரர் மனம் குளிரும். 2022-இல் இவ்விரு ஏரிகளும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. அப்பெருமையில் நிலமுடையோர்க்கும் பங்கு உண்டென்பதை அதிகாரிகள் நேரில் வந்து கூறினாலும் தகும்.

பட்சி காண வருவோர்க்கு ஒரு விண்ணப்பம். 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நம் நாட்டில் நடந்து வருகிறது. அச்சமயம் குடியானவன் களத்திலும் வயலிலும் இருப்பான். நாமம் அறியாவிடினும் எந்தப் பறவை எந்த மடையில் எந்நேரம் இறங்கும் என்பதை அவன் அறிவான். எதிர்வரும் தை மாதத்தில், ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நிற்பவர் வயல் வரப்பில் அரை மணி நேரமாவது நின்று, அவனையும் உடன்வைத்துக்கொண்டு எண்ணட்டும். வயலில் எண்ணியதை வேறாகவும், மருந்திட்ட வயல், இடாத வயல் என்று பிரித்தும் குறித்துவைத்தால், ஐந்தாறு ஆண்டுகளில் ஆயக்கட்டுக் குடிகளின் முன்னே விரித்துக் காட்டத்தக்க கணக்கு ஒன்று கைக்கு வந்துவிடும்.