ஸ்பைக் அதிர்வைத் தடுக்காது: ஓர் எதிர்வினை

டர்ன்டேபிளின் ரப்பர் கால்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பித்தளை ஸ்பைக்குகளைப் பொருத்தினால் இசைத்தட்டின் ஒலி துலங்கிவிடும் என்று அண்மையில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர் ஆடியோ கருவிகளில் பல வருடம் பழகியவர். அவர் சொல்லை நம்பிக் காசை எடுக்கும் இளைஞர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அதனால்தான் இந்த எதிர்வினை. அந்தக் கட்டுரையில் ஒரு வரி எங்கள் ஊரைப் பெயர் சொல்லியே தொடுகிறது: மொரப்பூர் மாதிரி ரயில் தடத்தை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு ஸ்பைக் கட்டாயம் தேவையாம். மொரப்பூரில் இசைத்தட்டு கேட்கிறவன் என்ற உரிமையோடு சொல்கிறேன்: ஸ்பைக்கை அறவே தவிர்க்க வேண்டிய ஊர் ஒன்று உண்டென்றால் அது எங்கள் ஊர்தான்.

அவருடைய வாதம் மூன்று கால்களில் நிற்கிறது. ஒன்று, ஸ்பைக் ஒருவழிப் பாதை. மோட்டாரின் அதிர்வைக் கீழே வடித்துவிடும், தரையின் அதிர்வை மேலே விடாது. இரண்டு, கூர்முனை தரையைத் தொடும் பரப்பு மிகச் சிறியது. அதனால் அதிர்வு நுழைய இடமே இல்லை. மூன்று, மெத்தென்ற எதுவும் ஒலியைக் குழப்பும், கெட்டியானதே ஒலியைத் தெளிவாக்கும். இதற்குத் தன் காதே சாட்சி. மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒருவழிப் பாதை. மின்சாரத்துக்கு டயோடு உண்டு. ஆனால் ஒரு பித்தளைத் துண்டைக் கடைந்து கூர்மையாக்கியதால் அது அதிர்வுக்கு டயோடு ஆகிவிடாது. ஒரு புள்ளியில் கொடுக்கும் விசை இன்னொரு புள்ளியில் எவ்வளவு அசைவை உண்டாக்குகிறதோ, அதே விசையை இரண்டாவது புள்ளியில் கொடுத்தால் முதல் புள்ளியிலும் அதே அளவு அசைவு உண்டாகும். இதை ரேலே பிரபு 1870களிலேயே நிறுவிவிட்டார். அதிர்வியல் படிக்கும் எந்தப் பொறியியல் மாணவருக்கும் இது பாலபாடம். கீழே போக வழி இருந்தால் மேலே வரவும் அதே வழி உண்டு. கட்டுரையாளர் தன் ஸ்பைக்குக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்கிறார்; அதற்கு ஓர் அளவீட்டைக்கூட அவர் காட்டவில்லை.

அடுத்தது கூர்முனையின் சிறு பரப்பு. பத்து கிலோ எடையுள்ள டர்ன்டேபிளை, முனை ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள மூன்று ஸ்பைக்குகளில் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முனையிலும் சதுர சென்டிமீட்டருக்கு 400 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தம் விழுகிறது. அவ்வளவு இறுக்கமாகத் தரையைக் கவ்விய முனை தரையோடு சேர்ந்துதான் அசையும். இன்னொரு கணக்கும் உண்டு. பித்தளையில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 3,500 மீட்டர் வேகத்தில் போகிறது. 10 ஹெர்ட்ஸ் அதிர்வின் அலைநீளம் அதில் 350 மீட்டர். அந்த அலைக்கு முன்னால் சில சென்டிமீட்டர் உயர ஸ்பைக் கூராக இருந்தால் என்ன, மொட்டையாக இருந்தால் என்ன? தரை ஒரு மைக்ரான் எழும்பினால் டர்ன்டேபிளும் ஒரு மைக்ரான் எழும்பும். ஸ்பைக் செய்யும் வேலை இணைப்பது. தடுப்பது அதன் வேலையே இல்லை.

ஒரு மைக்ரான் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். இசைத்தட்டின் பள்ளத்துக்குள் போய்ப் பார்த்தால் அது எவ்வளவு பெரிது என்று தெரியும். சோதனைத் தட்டுகளில் வழக்கமாகப் பதியும் 1,000 ஹெர்ட்ஸ், வினாடிக்கு 5 சென்டிமீட்டர் என்ற அளவில் ஊசி இருபுறமும் அசையும் தூரம் எட்டு மைக்ரான் மட்டுமே. அதைவிட 40 டெசிபல் மெல்லிய இடத்தில் அசைவு 0.08 மைக்ரான், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது. கச்சேரி எல்.பி. ஒன்றில் ஆலாபனை ஓய்ந்து தம்புரா மட்டும் மிஞ்சும் கணத்தை ஊசி இந்த அளவில்தான் படிக்கிறது. அந்த நேரத்தில் தரையிலிருந்து ஏறும் ஒரு மைக்ரான் சின்ன விஷயமே இல்லை.

போதாக்குறைக்கு ஆம்ப்ளிஃபயரும் அதைப் பெருக்குகிறது. இசைத்தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துப் பதிகிறார்கள்; கேட்கும்போது அதை ஈடுகட்டுகிறார்கள். 1954இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. வரைமுறைப்படி 20 ஹெர்ட்ஸ் ஒலி, 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 19 டெசிபலுக்கு மேல் உயர்த்தப்படுகிறது. ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஸ்டீரியோ தட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. மோனோ தட்டின் பள்ளத்தில் இசை பக்கவாட்டில் மட்டும் இருந்தது. ஸ்டீரியோ பள்ளத்தில் இடது, வலது ஒலிகளின் வேறுபாடு மேலும் கீழுமான அசைவாகப் பதிந்திருக்கிறது. தரை குதிப்பதும் மேலும் கீழுமாகத்தான். கார்ட்ரிட்ஜுக்கு எது இசை, எது தரை என்று பிரித்தறிய வழியில்லை.

சென்னை - சேலம் முதன்மைத் தடம் மொரப்பூர் வழியாகப் போகிறது. எக்ஸ்பிரஸ்களும் நீண்ட சரக்கு ரயில்களும் இரவு பகலாக ஓடுகின்றன. ரயில் மண்ணில் எழுப்பும் அதிர்வின் பெரும்பகுதி சில ஹெர்ட்ஸிலிருந்து எண்பது ஹெர்ட்ஸ் வரை. டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தானாக ஊசலாடும் ஒத்ததிர்வும் இதே எல்லைக்குள்தான் விழுகிறது. அதற்கு எளிய கணக்கு உண்டு: ஆர்ம், கார்ட்ரிட்ஜ், திருகு எல்லாம் சேர்ந்த செயல் எடை 20 கிராம், ஊசியின் நெகிழ்வு 15 அலகு என்றால் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 9 ஹெர்ட்ஸ். ரயில் எழுப்பும் அதிர்வில் அந்த 9 ஹெர்ட்ஸ் இருந்தால் ஊசி அதைப் பல மடங்காக்கிக் காட்டும்.

ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கும் நண்பர் ஒருவர் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஸ்பைக் செட் ஒன்று வாங்கினார். டைல்ஸ் தரையில் கீறல் விழாமல் இருக்க ஒவ்வொரு ஸ்பைக்குக்கும் அடியில் ஒரு நாணயம் வைத்தார். ஓடாத தட்டின்மேல் ஊசியை இறக்கி, ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கூட்டி, ஸ்பீக்கரின் முன்துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்தோம். சரக்கு ரயில் ஸ்டேஷனைத் தாண்டியபோது ஊஃபரின் காகிதக் கூம்பு உள்ளும் வெளியுமாக மெதுவாக மூச்சு வாங்கியது. காதில் ஒன்றும் பெரிதாக விழவில்லை. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு ஸ்பைக்கைக் கழற்றினோம். சின்னப் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளின் ட்யூபில் பாதிக் காற்று அடித்து, அதன்மேல் கடப்பாக் கல் பலகை ஒன்றை வைத்து, அதன்மேல் டர்ன்டேபிளை ஏற்றினோம். அடுத்த வண்டி போகும்போது கூம்பு கிட்டத்தட்ட அசையவில்லை. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். கட்டுரையாளரும் தன் வீட்டில் செய்து பார்க்கலாம்.

இதன் காரணம் எளிது. பேருந்தில் முட்டைக்கூடையோடு ஏறும் அம்மா கூடையைப் பேருந்தின் தகரத் தரையில் வைக்கமாட்டார், மடியில்தான் வைத்துக்கொள்வார். நெகிழும் தாங்கியே குலுக்கலைத் தின்னும். ஆனால் நெகிழ்வு எவ்வளவு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஸ்பிரிங் ஒன்று பாரத்தில் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால் அதன் இயல்பு அதிர்வெண் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ். பத்து மில்லிமீட்டருக்கு 5 ஹெர்ட்ஸ். இருபது மில்லிமீட்டருக்கு 3.5 ஹெர்ட்ஸ். இயல்பு அதிர்வெண்ணைப் போல 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான் தடுப்பே தொடங்குகிறது. அதற்குக் கீழே எந்தத் தாங்கியும் அதிர்வைக் கூட்டத்தான் செய்யும். 3.5 ஹெர்ட்ஸ் தாங்கி 10 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஏழில் ஒரு பங்கையும் 30 ஹெர்ட்ஸில் எழுபதில் ஒரு பங்கையும்தான் மேலே விடும். 16 ஹெர்ட்ஸ் தாங்கியோ 10 ஹெர்ட்ஸ் அதிர்வை ஒன்றரை மடங்குக்கு மேல் பெருக்கிவிடும்.

இங்கே இன்னொரு தரப்புக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஸ்பைக் வேண்டாம் என்றதும், ஐசோலேஷன் கால் என்ற பெயரில் விற்கும் எந்த ரப்பர் வில்லையையும் வாங்கலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. பாரத்தில் இரண்டரை மில்லிமீட்டர் அமுங்கும் வில்லையின் இயல்பு 10 ஹெர்ட்ஸ். ரப்பர் அதிரும்போது இன்னும் விறைப்பதால் உண்மையில் அதற்கும் மேலே. டோன்ஆர்மின் ஒத்ததிர்வுக்குப் பக்கத்திலேயே போய் உட்காரும் வில்லை அது. அதை வாங்குவதும் வீண் செலவுதான்.

மெத்தென்ற தாங்கி ஒலியைக் குழப்பும் என்ற மூன்றாவது வாதத்தை டர்ன்டேபிளின் வரலாறே தள்ளுபடி செய்கிறது. 1961இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏ.ஆர். டர்ன்டேபிளில் தட்டுச் சுழலியும் டோன்ஆர்மும் ஒரே சட்டத்தில் அமர்ந்து ஸ்பிரிங்கில் தொங்கின. 1965இல் சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் டி.டி. 150 அதே வழியில் வந்தது. 1970களில் ஸ்காட்லாந்தின் லின் சோண்டெக் எல்.பி. 12உம் அதே வழிதான். இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, சில ஹெர்ட்ஸில் மிதக்கும் நெகிழ்வு. டிஸ்கோத்தே மேடைகளில் பேர்வாங்கிய டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2இன் கால்களுக்குள்ளும் ஸ்பிரிங்கும் ரப்பரும் இருக்கின்றன. அந்தக் கால்களைக் கழற்றி ஸ்பைக் மாட்டுகிறவர், தேர்ந்த பொறியாளர்கள் கணக்குப் போட்டுச் செய்த தடுப்பைத் தூக்கி எறிகிறார். ஏற்கெனவே ஸ்பிரிங்கில் மிதக்கும் தோரன்ஸ், லின் போன்றவற்றின் அடியில் இன்னொரு மெத்தையையும் போடக் கூடாது. இரண்டு ஊசல்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். அவற்றுக்கு இலேசான, ஆடாத மேசை போதும்.

ஸ்பைக் மாட்டியதும் ஒலி மாறியதாகக் கட்டுரையாளர் கேட்டிருக்கலாம். மாறும்தான். அடித்தளத்தின் தாங்கல் மாறினால் டர்ன்டேபிளின் சிறு ஒத்ததிர்வுகளும் இடம் மாறும். தரையிலிருந்து ஏறும் தாழ்ந்த அதிர்வை பேஸ் கனத்துவிட்டதாகவும் காது எடுத்துக்கொள்ளும். மாற்றம் கேட்டது என்பது மாற்றத்துக்குத்தான் சாட்சி. மேம்பாட்டுக்கு வேறு சாட்சி வேண்டும். எந்தக் கால் மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் கேட்டாரா? இரண்டு தடவையும் ஒலியளவு ஒன்றாக இருந்ததா? கட்டுரையில் இவற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஸ்பைக் எங்கிருந்து வந்தது என்பதையும் அவர் வாசகரிடம் மறைத்துவிட்டார். குளிர் நாடுகளில் தரை முழுக்கக் கனத்த கம்பளம் விரித்திருக்கும். கம்பளத்தின்மேல் நிற்கும் ஸ்பீக்கர் ஆடும். கம்பளத்தைத் துளைத்து அடித்தரையில் ஊன்றத்தான் ஸ்பைக். அது நியாயமான வேலை. உயரத்தைத் திருகிச் சமன்படுத்தவும் அது உதவும். நம் வீடுகளில் இருப்பது ரெட் ஆக்சைடு, மொசைக், டைல்ஸ். துளைக்கக் கம்பளமே இல்லாத தரையில் ஸ்பைக் கீறலையும் வழுக்கலையும்தான் தரும். நம்மிடம் வேறு வசதிகள் இருக்கின்றன. தரைத்தளத்தில், கனமான செங்கல் சுவரில் பதித்த கடப்பாக் கல் ஷெல்ஃப் நடமாட்டத்தின் குலுக்கலிலிருந்து டர்ன்டேபிளைக் காக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கிரானைட் பலகைக்குப் பஞ்சமில்லை. இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் ஒன்றரை அடிக்கு ஓர் அடி பலகை ஏழு கிலோவுக்கு மேல் வரும். வெறும் கல்லை விரலால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். அதனால் அதை மட்டும் வைத்தால் போதாது. நெகிழும் தாங்கியின்மேல் வைத்தால் அதன் எடையே இயல்பு அதிர்வெண்ணைக் கீழே இறக்கிவிடும். வைத்த பிறகு மெல்ல அழுத்திவிட்டு, ஃபோனின் ஸ்லோமோஷனில் படம் பிடித்து எண்ணுங்கள். வினாடிக்கு மூன்று, நான்கு தடவை ஆடினால் சரி. எண்ணவே முடியாத வேகத்தில் துடித்தால் அது தடுக்கவில்லை.

இதற்கு இவ்வளவு சூடு தேவையா என்று சிலர் கேட்கலாம். தேவை. ஸ்பைக் செட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். அவர்கள் அதன்மேல் ஓட்டுவது எச்.எம்.வி., கொலம்பியா, எக்கோ முத்திரையில் வந்த பழைய தட்டுகள். அவற்றில் பல மறுபடி அச்சாகவில்லை. அதிர்வில் பள்ளத்தைவிட்டு எழும்பி விழும் ஊசி பள்ளத்தின் சுவரைச் சிராய்க்கிறது. சிராய்த்த இடத்தில் இருந்த குரல் திரும்பி வராது. தவறான ஆலோசனையின் விலையை அந்தத் தட்டு கட்டுகிறது.

மொரப்பூர்க்காரர்களுக்கு ஸ்பைக் கட்டாயம் என்ற வரியைக் கட்டுரையாளர் திரும்பப் பெற வேண்டும். முடியாது என்றால் ஓடாத தட்டில் ஊசியை இறக்கி, ரயில் போகும்போது ஊஃபரைப் படம் பிடித்து வெளியிடட்டும். அதுவரை வாசகர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஸ்பைக்குக்காக எடுத்து வைத்த பணத்தில் ஒரு நல்ல ஊசி வாங்குங்கள்.