தொடுதல் சம்மதமாகுமா?

"தொட்டால் போதும், பணம் சென்றுவிடும்" என்பது இந்நாளைய வாணிப உலகம் நமக்குக் கற்பிக்கும் புதுப் பாடம். வங்கி அட்டையையோ கைப்பேசியையோ கடைக்காரரின் கருவிக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் கொண்டு செல்கிறோம். கருவி ஒரு முறை கூவுகிறது. வாங்கியவர் பொருளோடு வெளியேறுகிறார். அறிவியலார் இதனை அண்மைப் புலத் தொடர்பு என்றும், சுருக்கமாக என்.எப்.சி. என்றும் கூறுவர். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் சூழ்ந்த எமது ரெட்டிபாளையம் வட்டாரத்திலும் இப்பேச்சு வந்துவிட்டது. கைப்பேசியின் விலை ஏற ஏற, அதனுள் இவ்வசதியும் தவறாது இருக்கிறது.

இது குறித்து இரு திறத்தாரின் கூற்றுகள் என் செவிக்கு எட்டின. இரண்டும் எனக்கு உடன்பாடில்லை.

முதல் திறத்தார் மார்க்கத்தின் பெயரால் பேசுவோர். தொட்டு நடத்தும் வணிகத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஆகவே கருவியைத் தொட்டுப் பணம் செலுத்துவதும் தடுக்கப்பட்டதே என்பது இவர்தம் தீர்ப்பு. அரபுச் சொல் ஒன்றைத் தெரிந்துகொண்டவுடனே தீர்ப்பு எழுதத் துணியும் இவ்வேகத்தை என்னென்பது! 'முலாமஸா' எனும் தொடு வணிகம் தடுக்கப்பட்ட செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெருந்தொகுப்புகளிலும் உள்ளது, ஐயமில்லை. ஆனால் அங்கே தொடப்பட்டது எது? விற்பனைக்கு வந்த துணி. மடித்து வைத்த துணியை, அன்றி இருளில் கிடக்கும் துணியை, விரித்துப் பாராமல் தொட்ட மாத்திரத்திலேயே வாங்குபவன் அதற்குக் கட்டுப்பட்டான். இங்கே தொடப்படுவது பொருளன்று. விலையைச் செலுத்தும் கருவி. அரிசியைக் கண்ணால் கண்டு, கையால் அளைந்து, விலை கேட்டு, அதன் பின்னர்ப் பணத்தைத் தொட்டுச் செலுத்துபவன் எவ்வாறு முலாமஸாவில் விழுவான்?

வாய்ச்சொல் இல்லை என்பதும் குறையாகாது. 'விற்றேன்', 'வாங்கினேன்' என்று இருவரும் மொழியாமல் கொடுக்கல் வாங்கலாலேயே முடியும் வணிகத்தை நூலோர் முஆதாத் என்பர். ஹனபி மத்ஹபினர் அதனை ஏற்றனர். ஷாபிஈ மத்ஹபில் சொல் வேண்டுமென்பதே பெயர்பெற்ற கருத்தாயினும், இமாம் நவவீ அவர்களே மக்கள் வழக்கில் வணிகம் எனக் கொள்ளப்படுவதனைச் செல்லுமென்று தேர்ந்தார்கள். எனவே தடை என்று ஓங்கி ஒலிப்போர் நூலை மறுமுறை திறந்து பார்ப்பது நன்று.

இவர்களை மறுத்ததனால் இரண்டாம் திறத்தாருக்கு நான் துணையாகிவிட்டதாக எவரும் எண்ணற்க. "இதில் ஆராய என்ன உளது? விரைவு, வசதி, நாகரிகம். தயங்குபவன் பழம்பஞ்சாங்கம்" என்பது அவர்தம் வாதம். முலாமஸா என்னும் பெயர் இதற்குப் பொருந்தாது. ஆயினும் அப்பெயர் எதனைக் கருதித் தடுக்கப்பட்டதோ அந்தக் காரணத்தை நாம் எறிந்துவிட இயலுமா? அச்சொல்லுக்கு நவவீ அவர்கள் மூன்று விளக்கங்கள் தருகிறார்கள். தொடுதலே பார்த்தலுக்கு ஈடாக வைக்கப்படுவது ஒன்று. தொட்டதே விற்பனையாகிவிடும் என்பது மற்றொன்று. தொட்டவுடன் வணிகத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அற்றுப்போம் என்பது பிறிதொன்று. மூன்றிலும் ஊடாடும் கேடு ஒன்றே: மனிதன் அறிந்து இசையவேண்டிய இடத்தில், அறியாத கை இசைந்துவிடுகிறது. இக்கேட்டை உணர மார்க்க நூல் கற்றிருக்க வேண்டுவதில்லை; சந்தைக்குச் சென்று ஒருமுறை ஏமாந்திருந்தாலே போதும்.

கருவி இயங்கும் விதத்தைச் சிறிது காண்போம். கடைக்காரரின் கருவியுள் ஒரு கம்பிச் சுருள் உண்டு. அது நொடிக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் முறை அதிரும் காந்தப் புலத்தை எழுப்புகிறது. அட்டையுள் மின்கலம் ஏதுமில்லை. அட்டையின் சுருள் அப்புலத்துள் நுழைந்ததும் அதிலிருந்தே மின்னாற்றலைப் பெற்று விழித்து, தன் அடையாளத்தைக் கூறி மீண்டும் உறங்குகிறது. நான்கு சென்டிமீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் பேச்சில்லை. கைப்பேசியோ அட்டையாகவும் நடிக்கும், கருவியாகவும் நடிக்கும். 2004ஆம் ஆண்டில் நோக்கியா, பிலிப்ஸ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்கள் கூடி இதற்கென ஒரு மன்றம் அமைத்தன. (அந்த நோக்கியா நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை பேராலை நடத்தி, பின் கதவடைத்துச் சென்றதை நம் பிள்ளைகளில் பலர் மறந்திரார்.)

இவ்வியக்கத்தில் நான் சுட்ட விரும்புவது ஒன்றே. தொகையை எழுதுபவர் யார்?

மளிகைக் கடையின் முன்னே ஒட்டப்பட்டிருக்கும் கட்டம்போட்ட சதுரத்தைக் கைப்பேசியின் கண்ணால் படம்பிடித்துப் பணம் அனுப்பும் முறை இன்று சிற்றூர் தோறும் உண்டு. அங்கே வாங்குபவன் தன் விரலால் நூற்று நாற்பது என்று தானே எழுதுகிறான், எழுதியதைக் காண்கிறான், பின்னர்த் தன் மறை எண்ணை இடுகிறான். எழுத்து அவனுடையது, இசைவும் அவனுடையது. தொடு முறையிலோ தொகையை எழுதுபவர் விற்பவர். அவர் கருவியில், அவர் பக்கம் நோக்கிய சிறு திரையில், ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே எழுதுகிறார். வாங்குபவன் செய்வது தொடுதல் மட்டும். கைப்பேசியால் தொட்டாலும், பெரும்பாலும் பணம் போன பின்னரே அவன் திரையில் தொகை தோன்றுகிறது. நூற்று நாற்பது ஆயிரத்து நானூறு ஆவதற்கு ஒரு சுழி போதாதா? வஞ்சம் வேண்டுவதில்லை, அவசரத்தில் தவறும் ஒரு விரல் போதும்.

கடைகளில் இப்போது பேசும் பெட்டி ஒன்று இருக்கிறது. 'இத்தனை ரூபாய் பெறப்பட்டது' என்று நல்ல தமிழில் உரக்கக் கூறுகிறது. கேட்க மகிழ்ச்சியே. ஆயினும் அது யாருக்காகப் பேசுகிறது? விற்பவருக்காக. எப்போது பேசுகிறது? பணம் போன பிறகு. கொடுப்பவன் காதில், கொடுப்பதற்கு முன்னே, அவன் மொழியில் தொகையைச் சொல்லும் பெட்டியைச் செய்ய இந்நாட்டுப் பொறியாளர்க்கு அறிவில்லையா? வேண்டுமென்று கேட்டவரில்லை என்பதே உண்மை.

நம் மாட்டுச் சந்தைகளில் தரகர் துண்டை விரித்து, அதன் மறைவில் கைகோத்து விலை பேசும் வழக்கத்தைப் பெரியோர் அறிவர். அங்கும் தொடுதலே வணிகம். ஆனால் அத்தொடுதலில் ஒவ்வொரு விரலுக்கும் ஓர் எண் உண்டு. இத்தனை விரல் பிடித்தால் இத்தனை என்பது இரு கைகளுக்கும் தெரியும். ஒப்பாதவன் கையை உருவிக்கொள்வான். படிப்பறியாத உழவனும் தரகனும் கண்டறிந்த அந்த ஏற்பாட்டில் விலையும் இசைவும் தொடுதலுக்குள்ளேயே அடங்கியிருந்தன. இன்றைய தொடுதலில் விலை இல்லை. இசைவு இருப்பதாகக் கொள்ளப்படுகிறது.

தொகை சிறிது, கவலை எதற்கு என்பார்க்கு ஒரு கணக்கு. மறை எண் இன்றி அட்டையைத் தொட்டுச் செலுத்த 2015இல் ரிசர்வ் வங்கி இசைவளித்தபோது வரம்பு 2,000 ரூபாய். கொரோனாக் காலத்தில் தொடாமுறை நலத்திற்கு உகந்தது என்ற காரணமும் சேர, 2021 சனவரி 1 முதல் அது 5,000 ரூபாயாக உயர்ந்தது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025-26க்குத் தமிழ்நாட்டிற்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழப் பதினைந்து நாள் உழைப்பு. நகரத்து உத்தியோகத்தருக்கு ஒரு வேளை விருந்தின் செலவாகத் தோன்றும் தொகை, கல்லுடைக்கும் கைக்கு அரை மாதம். இருவருக்கும் ஒரே வரம்பை வைத்துவிட்டு, அதனைச் 'சிறு தொகை' என்று அழைப்பது எந்த நியாயம்?

பேருந்து நெரிசலில் ஒருவன் கருவியை நம் சட்டைப்பையில் உரசிப் பணத்தைக் கவர்ந்துவிடுவான் என்று ஒரு பீதியையும் பரப்புகின்றனர். இதனை நான் பெரிதாகக் கொள்ளேன். அக்கருவிக்கு வங்கிக் கணக்கு வேண்டும். கணக்கிற்குப் பெயரும் முகவரியும் வேண்டும். திருடியவன் தன் முகவரியை எழுதிவைத்துத் திருடுவது அரிது. உண்மையான அச்சம் வேறு. அட்டை கீழே விழுந்தால், கண்டெடுத்தவன் அதனைத் தொட்டுத் தொட்டே செலவிடலாம். மறை எண் தடுக்காது. இழந்ததை வங்கிக்கு அறிவித்த பின் நேரும் நட்டம் வங்கியையே சாரும் என 2017ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி ஆணை கூறுகிறது. ஆனால் அட்டையில் இவ்வசதி உண்டென்றே அறியாதவன் எதற்காக விரைந்து அறிவிக்கப் போகிறான்?

இவ்விடத்தில் கைப்பேசி அட்டையைவிட மேலானது என்பதை ஒப்பவே வேண்டும். பூட்டிய கைப்பேசிக்கு விரல்ரேகையோ முகமோ எண்ணோ தேவை. திரை அணைந்திருந்தால் பெரும்பாலும் அது வாய் திறப்பதில்லை. அட்டையின் உண்மை எண்ணைக் கடைக்குக் கொடாமல் ஒரு மாற்றெண்ணையே கொடுக்கிறது. அமைப்புகள் பகுதிக்குச் சென்று என்.எப்.சி. என்னும் பொத்தானை அணைத்தால் கதவே மூடிவிடும். பூட்டைத் திறப்பது என்பது ஒரு செயல். எண்ணித் துணிந்த செயல். 'நான் கொடுக்கிறேன்' என்பதில் பாதியை அது சொல்லிவிடுகிறது. 'இவ்வளவு கொடுக்கிறேன்' என்ற மறுபாதிதான் இன்னும் ஊமையாக இருக்கிறது.

அந்த மறுபாதிக்காக மக்கள் எழுந்து நின்ற வரலாறும் உண்டு. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பிழைப்புக்குச் செல்லும் சிங்கப்பூரில், இரயில் நிலைய வாயிலில் பயண அட்டையைத் தொட்டால் பிடித்த கட்டணமும் மீதித் தொகையும் அங்கேயே தெரியும். 2024 சனவரி 9 அன்று அரசின் போக்குவரத்து ஆணையம், அவ்வட்டைகளைச் சூன் மாதத்திலிருந்து நிறுத்தி, 'சிம்ப்ளிகோ' என்னும் கணக்குவழி முறைக்குப் பயணிகள் மாறவேண்டும் என அறிவித்தது. புது முறையில் வாயிலில் தொகை தெரியாது. வேண்டுவோர் கைப்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். மக்கள் முணுமுணுத்தனர், பின்னர் முழங்கினர். "என் பணம் எவ்வளவு போயிற்று என்பதை, போகும் இடத்திலேயே எனக்குக் காட்டு" என்பதே அவர்தம் முறையீட்டின் சாரம். இரண்டு கிழமை முடியுமுன், சனவரி 22 அன்று அரசு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பழைய முறையைத் தொடர மேலும் 4 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவிடவும் இசைந்தது. கல்வியும் கருவியும் மிகுந்த அந்நாட்டு மக்களைப் பழம்பஞ்சாங்கம் என்று யார் சொல்லத் துணிவார்?

தொகையைக் காட்டிக்கொண்டும் கேட்டுக்கொண்டும் நின்றால் வரிசை நகருமா என்று வினவுவோர் உளர். சென்னை மெட்ரோ வாயிலில் 2023 முதல் வழங்கும் சிங்காரச் சென்னை அட்டையைத் தொட்டுச் செல்பவரை நான் தடுக்கவில்லை. அங்கே கட்டணம் ஊருக்கே பொதுவானது, பலகையில் எழுதியது, பேரத்திற்கு இடமில்லை. கடைவீதி அத்தகையதன்று. அங்கே ஒவ்வொரு விலையும் இருவர் பேசி முடிப்பது. நொடிப்பொழுது மிச்சமாகிறது என்பதற்காக அப்பேச்சின் முடிவை வாங்குபவனுக்குச் சொல்லாமலே விடலாமா?

இணையம் எட்டாத சிற்றூருக்கு இது வரப்பிரசாதம் என்றும் கூறுவர். 2023 செப்டம்பரில் வந்த யூ.பி.ஐ. லைட் எக்ஸ் என்னும் முறையில், சமிக்ஞை இல்லாவிடினும் இரு கைப்பேசிகளை ஒட்டிவைத்துப் பணம் மாற்றலாம். நல்ல கருத்தே. ஆயினும் இரண்டு கைப்பேசியிலும் என்.எப்.சி. இருக்க வேண்டுமே! மலிவு விலைக் கைப்பேசிகள் பலவற்றில் அது கிடையாது. சமிக்ஞை இல்லாத ஊரில் விலையுயர்ந்த கைப்பேசி மட்டும் மிகுந்திருக்கும் என்று கணக்கிட்டவர் எவரோ.

நான் கேட்பது அரிய காரியமன்று. 2020 சனவரியில் ரிசர்வ் வங்கி, தொடுமுறையைத் திறக்கவும் மூடவும் வரம்பு குறிக்கவும் அட்டைதாரருக்கு வழி செய்து கொடுக்கவேண்டுமென வங்கிகளுக்கு ஆணையிட்டிருக்கிறது. அவ்வழி இருப்பதை அட்டை கொடுக்கும் அன்றே, மேசைக்கு எதிரே நிற்பவர்க்கு வாயால், தமிழில் சொல்லட்டும். எத்தனை ரூபாய் வரை மறை எண் வேண்டாம் என்று அவரையே கேட்டு, அவர் சொல்லும் எண்ணைக் குறிக்கட்டும். இருநூறு என்றால் இருநூறு, வேண்டாம் என்றால் சுழி. கருவி செய்வோர், தொடுவதற்கு முன் தொகையை உரக்கக் கூறும் குரலை அதனுள் வைக்கட்டும். அது வரும்வரை நம் கடைக்கார நண்பர்கள் கருவியை நீட்டும்போதே திரையை வாங்குபவர் பக்கம் திருப்பி, "நூற்று நாற்பது, பாருங்கள்" என்று சொல்லட்டும். அவர் பார்த்துத் தலையசைத்த பிறகு தொடட்டும்.