முற்றமும் தண்ணீரும் யாருடையவை?

தேவிபட்டினம் கரையோரத்துக்குப் புதிய உபதேசம் ஒன்று வந்திருக்கிறது. "வீட்டுக்கு வீடு தோட்டம் போடுங்கள், விளைந்ததை அண்டை அயலாரோடு பகிர்ந்துகொள்ளுங்கள், விலைவாசி உங்களை ஒன்றும் செய்யாது, பூமியும் பிழைக்கும்" என்கிறார்கள். விதைப் பொட்டலம் கொடுக்கிறார்கள். படம் பிடிக்கிறார்கள். காரேறிப் போகிறார்கள்.

தோழர்களே! தோட்டம் போடுவதை நாம் பழிக்கவில்லை. முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும் நம் குழந்தைகளின் தட்டில் விழுமானால் நம்மைவிட மகிழ்பவர் யார்? செடியோடு நமக்குச் சண்டை கிடையாது. செடியைக் காட்டி நிலத்தை மறைக்கும் சாமர்த்தியத்தோடுதான் சண்டை.

முதலில் ஒன்று கேட்போம். பகிர்ந்துண்ணும் பாடத்தை நமக்கா நடத்துவது? வலை கரையேறும்போது, கையேந்தி நிற்கும் கிழவிக்குக் குழம்புக்கு ஒரு கை மீன் போடாதவன் இந்தக் கரையில் உண்டா? அறுப்புக் கூலியாக வந்த நெல்லில், பிள்ளை பெற்ற பக்கத்து வீட்டுக்காரிக்குக் கஞ்சி காய்ச்சித் தராத தெரு உண்டா? பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைச் சாதி மதம் பார்த்தா ஊற்றுகிறார்கள்? பகிர்வது ஏழையின் பழக்கம். பகிர மறுத்தவர்கள் வேறு தெருவில் இருக்கிறார்கள். உபதேசத்தை அங்கே போய்ச் செய்யட்டும்!

அண்மையில் நடந்த கூட்டம் ஒன்றில் விவசாயக் கூலித் தாய் ஒருத்தி எழுந்து கேட்டார்: "தண்ணியக் குடம் காசு குடுத்து வாங்குறோம். அதைக் கத்தரிக்கு ஊத்தவா, கஞ்சிக்கு ஊத்தவா? குடிசை இருக்கிறது பொறம்போக்கு. நட்ட மரம் காய்க்கிறப்போ, காலி பண்ணுன்னு வந்தா மரத்தைத் தூக்கிட்டா போறது?"

உபதேசிகளிடம் இதற்குப் பதில் இல்லை. தோட்டத்துக்கு விதை மட்டும் போதாது. தண்ணீர் வேண்டும், நிலம் வேண்டும். இரண்டும் யார் கையில் இருக்கின்றன?

தண்ணீரைப் பார்ப்போம். கடலை ஒட்டிய பூமியில் ஊற்று உவர்ப்பது இயற்கைதான். அந்த உவர்ப்புக்கு நம் முன்னோர் கண்ட மருந்து கண்மாயும் ஊருணியும். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி ஆண்டு முழுவதும் பிழைத்த ஜில்லா இது. இன்று கண்மாய்கள் தூர்ந்து கிடக்கின்றன. சீமைக்கருவேலம் காடாக நிற்கிறது. அதை அகற்றச் சொல்லி 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. வெட்டிய இடத்தில் வேரைத் தோண்டாமல் விட்டால் மீண்டும் துளிர்க்கும் மரம் அது. உத்தரவு மட்டும் வேரைத் தோண்டுமா?

போதாக்குறைக்கு இறால் பண்ணைகள். கடல் நீரை வயலுக்குப் பக்கத்தில் தேக்கினால் அடிநிலத்தில் உப்பு இறங்கும். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11-ல், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை இடிக்கச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நடந்தது என்ன? 2005-ல் பாராளுமன்றம் புதுச் சட்டம் செய்தது. பதிவு செய்துகொண்டு பண்ணை நடத்த வழி திறந்தது. இறாலுக்கு ஏக்கர் கணக்கில் குளம்; கூலிக்காரன் கத்தரிக்கு ஒரு குடம் தண்ணீர் இல்லை!

நிலத்தைப் பார்ப்போம். 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970-ல் அதை 15 ஆக்கினார்கள். வலை விரித்தார்கள், கண்ணி பெரிதாக இருந்தது. விலக்குகளிலும் பினாமிப் பெயர்களிலும் பெரிய மீன்கள் நழுவின. 2006-ல், நிலமற்ற குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் வரை என்றார்கள். நம் தெருவில் எத்தனை பேர் அந்த இரண்டு ஏக்கரில் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல் போதும்.

மில் தொழிலாளியின் கதியும் இதுதான். பரமக்குடி பக்கம் கமுதக்குடியிலும், காளையார்கோவிலிலும் உள்ள தேசியப் பஞ்சாலைக் கழக மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. ஊரடங்கு போயிற்று, ஆண்டுகள் பல கழிந்தன, கதிர் சுழலவில்லை. அந்தத் தொழிலாளியிடம் போய் "மாடியில் தக்காளி போடு" என்பது எவ்வளவு பெரிய கொழுப்பு! மாடி எங்கே இருக்கிறது அவனுக்கு?

"அப்படியானால் அண்டை அயலார் கூடிப் பயிர் செய்வது வீண் வேலையா?" என்று கேட்பார்கள். வீண் இல்லை. எங்கே அது வென்றது என்று பாருங்கள்.

பக்கத்துக் கேரளத்தில் 1998-ல் குடும்பஸ்ரீ தொடங்கியது. அயல்கூட்டம் என்ற பெயரில் தெருத் தெருவாகப் பெண்கள் கூடினர்; குத்தகை நிலத்தில் கூட்டாக நெல்லும் காய்கறியும் விளைவித்தனர். ஆனால் அந்தச் செடி எந்த மண்ணில் வேர் பிடித்தது? 1970 ஜனவரி 1 முதல் அங்கே நிலச்சீர்திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது. குடிசைவாசிக்குக் கிராமத்தில் 10 சென்ட் மனை உரிமை. அந்த உரிமையைத் தோழர் ஏ. கே. கோபாலன் தலைமையில் மக்களே வேலி கட்டி, தேங்காய் பறித்து நிலைநாட்டினார்கள். போராட்டம் முன்னே வந்தது. தோட்டம் பின்னே வந்தது. நம் கிராமத்தில் இலவச மனை என்றால் பொதுவாக 3 சென்ட். அதில் குடிசை போட்டால் கோழி மேயவும் இடமில்லை!

கியூபாவைப் பாருங்கள். 1991-ல் சோவியத் யூனியன் வீழ்ந்ததும் எண்ணெயும் உரமும் வருவது நின்றது. மக்கள் பட்டினியின் விளிம்புக்கு வந்தார்கள். ஹவானா நகரத்தின் காலி மனைகளைச் சர்க்கார் வாடகையின்றி மக்களுக்குப் பயிரிடக் கொடுத்தது. காலி மனை கீரைப் பாத்தி ஆயிற்று. அமெரிக்க முற்றுகையால் அங்கே தட்டுப்பாடு தீர்ந்துவிடவில்லை என்பதும் உண்மை. ஆயினும், "உன் வீட்டு முற்றத்தில் நீயே பார்த்துக்கொள்" என்று அந்தச் சர்க்கார் கைகழுவவில்லை.

ஆகவே தோழர்களே, விதைப் பொட்டலம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய கையோடு கேளுங்கள்: குடியிருக்கும் மனைக்குப் பெண்கள் பெயரில் பட்டா எங்கே? 10 சென்ட் எங்கே? கருவேலத்தை வேரோடு தோண்டிக் கண்மாயைத் தூர்வாரும் வேலையைக் கூலி கொடுத்து எங்களிடம் எப்போது ஒப்படைப்பீர்கள்? தரிசுப் புறம்போக்கைக் கூலிப் பெண்களின் கூட்டுப் பயிருக்கு எப்போது விடுவீர்கள்? மில் கதவை எப்போது திறப்பீர்கள்?

அடுத்த கிராம சபையில் இந்தக் கேள்விகளைத் தீர்மானமாக எழுதிக் கொண்டுபோங்கள். தனியாகப் போக வேண்டாம், தெருவாகப் போங்கள். மீனவரும் கூலிக்காரரும் மில் தொழிலாளியும் சேர்ந்து போங்கள்.

நிலம் வரட்டும், தண்ணீர் வரட்டும். அப்புறம் விளைந்ததை எப்படிப் பகிர்வது என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை!