போட்டாச்சு, போய்ச் சேர்ந்ததா?

தபால் பெட்டிக்கு ஒரு குணம். போட்டதை வாங்கிக்கொள்ளும். திருப்பித் தராது, எட்டிப் பார்க்கவும் விடாது. ஸி ப்ளஸ் ப்ளஸ் கம்ப்யூட்டர் மொழியில் 'அவுட்புட் இட்டரேட்டர்' என்றொரு ஆசாமி இதே ரகம். எழுத்தை ஒவ்வொன்றாகக் கொடுத்தால் ஸ்க்ரீனுக்கோ ஃபைலுக்கோ போகிற 'ஸ்ட்ரீம்' என்ற பாதையில் தள்ளிவிடுவார். தள்ளினதைத் திரும்பப் படிக்க முடியாது.

இவரை உள்ளே கொண்டுவந்தவர்கள் அலெக்ஸாண்டர் ஸ்டெபனாவும் மெங் லீயும். ஹ்யூலட் பக்கார்டில் அவர்கள் எழுதிய எஸ்.டி.எல். 1994 ஜூலையில் கமிட்டியில் பாஸாகி, 1998-ல் வந்த ஸி ப்ளஸ் ப்ளஸ் தரத்தில் சேர்ந்தது. பி.காம். படித்த எனக்கு அதில் பிடித்தது ஒரு தமாஷ். இவரிடம் எழுத்தைக் கொடுக்க ஒரு நட்சத்திரக் குறி, ஒரு சமக் குறி, அப்புறம் இரண்டு ப்ளஸ் போட வேண்டும். ஸ்ட்ரீமைப் பொறுத்தவரை நட்சத்திரமும் ப்ளஸ்ஸும் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாது. வேலை பூரா சமக் குறி தலையில்! ஆபீஸ்களில் பார்க்காததா? ஆனால், அர்ரேயில் எழுதும்போது அந்த இரண்டு பேரும் நிஜமாகவே உழைக்கிறார்கள். எங்கே எழுதினாலும் 'காப்பி' என்ற ஒரே ஃபங்ஷன் ஓடவேண்டுமே, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

ஸ்ட்ரீமுக்கு எழுத இரண்டு பேர். 'ஆஸ்ட்ரீம் இட்டரேட்டர்' கவுன்ட்டர் குமாஸ்தா. ஒவ்வொரு எழுத்துக்கும் ஸ்ட்ரீம் சௌக்கியமா, எத்தனை இடம் ஒதுக்கணும் என்று விசாரித்துவிட்டுத்தான் விடுவார். யூ.டி.எஃப்-8 முறையில் 'அம்மா' 15 பைட். பைட் பைட்டாக அனுப்பினால் 15 விசாரணை! 'ஆஸ்ட்ரீம்பஃப் இட்டரேட்டர்' நேரே பெட்டிக்குள் போட்டுவிடுவார். வேகம் அவரிடம்தான்.

வம்பும் அவரிடம்தான். மளிகைக் கடையின் பாக்கிப் பட்டியலை ஃபைலில் எழுதுகிறீர்கள். நடுவில் டிஸ்க் நிரம்பிவிட்டது. மனுஷர் கத்த மாட்டார். மிச்சத்தையும் வாங்கி வாங்கிக் காற்றில் விடுவார். புரோகிராம் சமர்த்தாக முடியும். பாக்கி வைத்தவர்களில் பாதிப் பேருக்கு யோகம்! ஸ்ட்ரீமைக் கேட்டால், "என் கவுன்ட்டருக்கு வரவேயில்லையே" என்று கை விரிக்கும். இட்டரேட்டரிடமே 'ஃபெயில்ட்' என்று கேட்க வேண்டும். அதிலும் எந்த இட்டரேட்டரிடம்? நீங்கள் அனுப்பியவர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார், காப்பி ஃபங்ஷன் அவருடைய நகலைத்தான் கூட்டிப்போனது. வேலை முடிந்ததும் அது திருப்பிக் கொடுக்கிறதே, அந்த நகலுக்குத்தான் விஷயம் தெரியும். முக்கால்வாசிப் பேர் அவரைக் கையில் வாங்குவதே இல்லை.

"தப்பில்லை" என்று அவர் சொன்னாலும் எழுத்து இன்னும் பஃபரில் கிடக்கலாம். தபால்காரர் வந்து பெட்டியைத் திறந்தால்தானே! ஃபைலுக்கு 'க்ளோஸ்' சொல்லி, அதன்பிறகு ஸ்ட்ரீம் சௌக்கியமா என்று விசாரியுங்கள். சொல்லாமல் விட்டாலும் ஃபைல் தானே மூடிக்கொள்ளும், ஆனால் அப்போது நடக்கிற தப்பை யாரிடமும் மூச்சு விடாது.

க்ளோஸும் சரியாக முடிந்தால் எழுத்து ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கைக்குப் போய்விட்டது. அவரும் தனியாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார். அது வேறு ஒரு வாரத்துக்கு.