அதே குவார்ட்டர்தான்... 60 வயசுக்கு மேல ஏன் ஆபத்து? - விரிவான விளக்கம்

"30 வருஷமா குடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகல." குடிப்பழக்கம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லும் பதில் இது. குடிக்கும் அளவு மாறாமல் இருக்கலாம். ஆனால் உடம்பு மாறிவிடுகிறது.

உடலில் என்ன மாறுகிறது?

வயது ஏற ஏற தசையும், உடலில் உள்ள நீரும் குறைகின்றன. ஆல்கஹால் நீரில் கலக்கக்கூடியது. நீர் குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு கூடும். அதனால் 40 வயதில் தாங்கிய அதே குவார்ட்டர், 65 வயதில் கூடுதல் போதை தரும். 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள 180 மி.லி. குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது.

மாத்திரையோடு சேர்ந்தால்?

* சுகர்: இன்சுலின், கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்கு சர்க்கரை திடீரெனக் குறையலாம். தள்ளாட்டம், வியர்வை, குழறல் எல்லாம் போதை மாதிரியே தெரியும். 'தூங்கட்டும்' என விட்டால் உயிருக்கே ஆபத்து.
* பிரஷர்: எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழலாம், இடுப்பு எலும்பு முறியலாம்.
* தூக்க மாத்திரை: அல்பிரசோலம் போன்றவற்றோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும்.

குடிப்பதற்காக மாத்திரையைத் தவிர்ப்பதும் தீர்வல்ல.

டாக்டரிடம் மறைக்கலாமா?

கூடவே கூடாது. கால் முறிந்து அட்மிட் ஆன பெரியவர், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கலாம். இது 'வயசான மறதி' ஆக இல்லாமல், தினமும் குடித்தது திடீரென நின்றதால் வந்த பாதிப்பாகவும் இருக்கலாம். வலிப்பு வரை போகும். மானம் போகுமே என்று குடும்பம் மறைத்தால், சரியான சிகிச்சை தாமதமாகும்.

ஏன் கவனத்துக்கு வருவதில்லை?

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ளவர்களில் சுமார் 16 கோடி பேர் மது அருந்துகிறார்கள். ஆனால் போதை என்றாலே நம் பேச்சு இளைஞர்களைச் சுற்றியே நிற்கிறது. ரிட்டயர்மென்ட், துணையின் மரணம், தனிமைக்குப் பிறகு குடி கூடுவதை, 'இந்த வயசுல போய் என்ன சொல்றது' என்று வீட்டிலேயே விட்டுவிடுகிறோம்.

என்ன செய்யலாம்?

தினமும் குடிப்பவரை ஒரே நாளில் வீட்டில் வைத்து நிறுத்தச் சொல்லாதீர்கள். டாக்டர் மேற்பார்வை அவசியம். வயதானாலும் சிகிச்சை பலன் தரும். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண்களை அழைக்கலாம்.

பாதுகாப்பான அளவு எது? அப்படி ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது.